அம்மோனைட் நத்தைக்குச் சொந்தமா, கணவாய்க்குச் சொந்தமா?

கேட்டவர்: ஓடைக்கரைப் பெண்

வணக்கம். அரியலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். உயிரியல் பிரிவு, தமிழ் வழி. மழை விட்டதும் எங்கள் ஊர் ஓடையில் சுருள் சுருளான கற்கள் மேலே வரும். பாட்டி அதை நத்தைக்கல் என்றுதான் சொல்வார். வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் பள்ளியில் கூட்டிப்போனபோது, அதே கல்லைக் காட்டி இதுதான் அம்மோனைட், கணவாயும் ஆக்டோபஸும் இருக்கிற தலைக்காலிகள் வகுப்பைச் சேர்ந்தது என்றார்கள்.

எனக்கு இது மனதில் ஒட்டவில்லை. வயலில் கிடக்கும் ஆப்பிள் நத்தையைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சுருள், இரண்டுக்கும் ஓடு. கணவாய்க்கு ஓடே இல்லை. பிறகு ஏன் இதை நத்தையோடு சேர்க்காமல் கணவாயோடு சேர்க்கிறார்கள்?

இன்னொன்று. கணவாய்க்கு மூன்று இதயம் என்று ஆசிரியை சொன்னார். அப்படியென்றால் அம்மோனைட்டுக்கும் மூன்று இதயம் என்று எழுதலாமா? எழுதலாம் என்கிறாள் தோழி. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். மனப்பாடம் பண்ணிவிடலாம், ஆனால் எனக்குப் புரிய வேண்டும்.

பதில்: பழைய விலங்கியல் வாத்தியார், பெரம்பலூர்

அம்மா, "எனக்குப் புரிய வேண்டும்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகவே நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் ஓட்டின் உள்ளே பார்க்க வேண்டும். செத்த ஆப்பிள் நத்தையின் காலி ஓடு ஒன்றை எடுத்து, சிமென்ட் தரையில் தண்ணீர் விட்டுப் பக்கவாட்டில் தேய். பாதி தேய்ந்ததும் உள்ளே தெரியும்: வாயிலிருந்து நுனி வரை ஒரே குழாய். நடுவில் தடுப்பு கிடையாது. நத்தையின் உடல் அந்தக் குழாய்க்குள் சுருண்டு கிடக்கும். அம்மோனைட்டை அறுத்துப் பார்த்தால் அப்படி இருக்காது. வரிசையாகச் சுவர் வைத்து அறை அறையாகத் தடுத்திருக்கும். அந்தப் பிராணி குடியிருந்தது வாய்ப்பக்கத்துக் கடைசி அறையில் மட்டும். வளர வளர முன்னால் நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். விட்டுவந்த அறைகளையெல்லாம் ஒரு மெல்லிய குழல் ஊடுருவிப் போகும். அதன் வழியாக அறையிலுள்ள நீரை உறிஞ்சி எடுத்தால் வாயு வந்து நிறையும், உடம்பு மிதக்கும். வயல் நத்தை ஊர்கிற பிராணி. இது கடலில் மிதந்து திரிந்த பிராணி. ஓடு ஒன்றுபோலத் தெரிந்தாலும் அது செய்த வேலை வேறு.

இந்த அறை, சுவர், குழல் மூன்றும் இன்றைக்கு உயிரோடு இருக்கிற, சுருள் ஓடுள்ள நாட்டிலஸ் என்ற கடல் பிராணியிடம் அப்படியே இருக்கின்றன. அதன் தலையைச் சுற்றிக் கைகள் முளைத்திருப்பதை நாம் நேரில் பார்க்கலாம். அம்மோனைட்டைத் தலைக்காலிகளில் சேர்க்க முதல் ஆதாரம் இதுதான்.

கணவாய்க்கு ஓடு இல்லை என்றாய். இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேள், கொடுப்பார்கள். லவ்பேர்ட்ஸ் கூண்டில் கொத்துவதற்குச் செருகி வைக்கிறார்களே, அதே வெள்ளைப் பொருள்தான். அது ஓட்டுக் கணவாயின் முதுகுக்குள் இருந்த ஓடு. பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தைக் கைலென்ஸில் பார். தாள் தாளாக அடுக்கியிருக்கும். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே நுண்ணிய தூண்கள் நிற்கும். அந்த இடைவெளி ஒவ்வொன்றும் ஓர் அறை. ஓட்டுக் கணவாயும் அதிலுள்ள நீரைக் கூட்டியும் குறைத்தும்தான் மேலே வருகிறது, கீழே போகிறது. அம்மோனைட்டுக்கு வெளியே சுருண்டிருந்த அறை ஓடு, இதற்கு உடலுக்குள் போய்த் தட்டையாகிவிட்டது. ஊசிக் கணவாயில் அதுவும் தேய்ந்து ஒரு மெல்லிய தண்டாக நிற்கிறது. பேய்க்கணவாய் என்கிற ஆக்டோபஸில் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை.

பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துக் களிமண் ஓடைகளுக்குப் போனால் முனை கூரான கல் குச்சிகள் சிதறிக் கிடக்கும். பெலம்னைட் என்று பெயர். அதுவும் அழிந்துபோன ஒரு கணவாய்ச் சொந்தத்தின் உள் ஓடுதான். உன் ஊர்ச் சுருள் கல்லும் அந்தக் குச்சிக் கல்லும் ஒரே வகுப்பு. வயல் நத்தை வேறு வகுப்பு. வெளித்தோற்றத்தை நம்பி வகைப்படுத்தினால் இது வரவே வராது. ஆனால் மூன்றும் மெல்லுடலிகள் என்ற ஒரே தொகுதி. அந்த அளவுக்குப் பாட்டி சொல்வதிலும் உறவு இருக்கிறது, அதைப் பாட்டியிடம் சொல்.

இனி இதயம். அம்மோனைட்டுக்கு மூன்று என்று தேர்வில் எழுதாதே. இதயம் வெறும் தசை, செத்த உடனே அழுக ஆரம்பித்துவிடும். எந்த அம்மோனைட் கல்லிலும் மூன்று இதயத்தை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. சொந்தக்காரர்களை வைத்து ஊகிக்கத்தான் முடியும். அங்கேயும் ஒரு சிக்கல் பார்: நாட்டிலஸுக்கு நான்கு செவுள்கள் இருந்தும் செவுள் இதயம் கிடையாது, ஒரே இதயம்தான். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் இரண்டு செவுள். செவுளுக்கு ஒன்றாக இரண்டு இதயம், உடலுக்கு நடுவில் ஒன்று. ஆகவே "தலைக்காலி என்றால் மூன்று இதயம்" என்ற உன் தோழியின் கணக்கு நாட்டிலஸிடமே நின்றுவிடுகிறது.

அம்மோனைட் எந்தப் பக்கம்? ஓட்டைப் பார்த்தால் நாட்டிலஸ் பக்கம். ஆனால் அராவு நாக்கின், அதாவது உணவை அராவித் தின்ன உதவும் பல் வரிசைகள் உள்ள நாக்கின், பற்கள் சில கற்களில் பதிந்து கிடைத்திருக்கின்றன. நாட்டிலஸுக்கு ஒரு வரிசையில் பற்கள் உள்ளிட்ட 13 கூறுகள். அம்மோனைட்டுக்கும் கணவாய்க்கும் 9 அல்லது அதற்குக் குறைவு. முட்டையிலிருந்து வெளிவந்தபோது அம்மோனைட் குஞ்சின் ஓடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். நாட்டிலஸ் குஞ்சோ இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் அம்மோனைட் கணவாய்க்கு நெருக்கம் என்கிறார்கள். அதனால் செவுள் இதயங்கள் இருந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். ஊகத்தை ஊகம் என்றே எழுது.

இதயம் கல்லாவதே இல்லை என்றும் நினைத்துவிடாதே. பிரேசிலில் கிடைத்த ராக்கோலெபிஸ் என்ற, கிரெட்டேசியஸ் எனும் டைனோசர்களின் கடைசிக் காலத்து மீனில் இதயம் பதிந்திருப்பதை 2016-இல் அறிவித்தார்கள். 2022-இல் ஆஸ்திரேலியாவின் கோகோ பகுதியிலிருந்து இன்னும் பழையது ஒன்று: 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கவச மீன், அதன் இதயம் முப்பரிமாணமாகவே பாறைக்குள் இருந்தது. இப்படி அபூர்வமாகக் கிடைப்பதால்தான் மற்ற இடங்களில் அடக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

பதில்: மண்டபத்துக்காரி

பாப்பா, நான் கணவாய் வெட்டிச் சுத்தம் பண்ற வேலை பார்க்கிறவ. வாத்தியார் சொல்ற மூணு இதயத்தை நீயே பார்க்கலாம். சந்தையில அன்னைக்குப் பிடிச்ச ஊசிக் கணவாயா வாங்கு, ஐஸ்ல ரொம்ப நாள் கிடந்தது வேண்டாம், உள்ளே குழைஞ்சிடும். தலைக்குக் கீழ புனல் மாதிரி ஒரு குழல் இருக்கும், அந்தப் பக்கம் மேல வர்ற மாதிரி மல்லாத்தி வச்சு, கத்தரிக்கோலால நடுவுல மேலாக வெட்டு. ஆழமா இறக்காதே, மைப்பை உடைஞ்சா எல்லாம் கறுத்துப்போகும்.

விரிச்சதும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு செவுள் தெரியும். செவுளோட அடிப்பக்கம், அது உடம்போட சேர்ற இடத்துல, வெளுத்த மஞ்சள்ல சின்னதா ஒரு உருண்டை. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. மூணாவது ரெண்டுக்கும் நடுவுல இருக்கும். நிறமே இல்லாததால தேடித்தான் கண்டுபிடிக்கணும். சிவப்பு ரத்தத்தைத் தேடாதே, இதுக்குக் கிடையாது. படகுலேருந்து இறங்கின உடனே வெட்டினா லேசா நீலம் ஓடும்.

எத்தனையோ பேர் குடலோட சேர்த்து வழிச்சுப் போட்டுடறோம். ஒரு நாள் நின்னு பார்த்தா அவ்வளவு நேர்த்தியா இருக்கு.

பதில்: பாறை படிக்கிறவன்

நிலவியல் முதுகலை மாணவன். தங்கைக்கு ஒரு விஷயம் சேர்க்கிறேன். சுருள் ஒரே தளத்தில் தட்டையாக இருந்தால் அம்மோனைட், கோபுரமாக ஏறினால் நத்தை என்று சிலர் சுலப வழி சொல்லிக்கொடுப்பார்கள். அரியலூர், திருச்சிப் பகுதியில் அது பலிக்காது. இங்கே டுரிலைட்டிஸ் என்று கோபுரமாகவே சுருண்ட அம்மோனைட் உண்டு. பாக்குலைட்டிஸ் என்று சுருளே இல்லாமல் நேராக நீண்டதும் உண்டு.

எது ஏமாற்றாது என்றால், அறைச் சுவர் ஓட்டைத் தொடும் கோடு. பெரும்பாலும் ஓடு கரைந்துபோய் உள்ளே நிரம்பிய சேறு கல்லானதுதான் நம் கைக்கு வருகிறது. அதன் மேற்பரப்பைத் தண்ணீரால் நனைத்துச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால், கொத்துமல்லி இலையின் ஓரம் போல வெட்டுவெட்டாக நெளிந்த கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். நத்தைக் கல்லில் அது வராது. நாட்டிலஸில் கோடு வரும், ஆனால் மெதுவான வளைவாக இருக்கும்.

இந்தக் கற்களைப் பற்றிய எழுத்து மிகப் பழையது. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கம் சேகரித்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் 1846-இலேயே விவரித்துவிட்டார். 1860-களில் நிலவியலாளர்கள் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிஸ்காவும் பெரிய அளவில் செய்தார்கள். இங்குள்ள பாறை அடுக்குகளுக்கு அவர்கள் வைத்த ஊட்டத்தூர், அரியலூர் என்ற பெயர்களைத்தான் உலகம் முழுக்கக் கிரெட்டேசியஸ் படிக்கிறவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல்தான் அதன் உயிர். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடு, இடத்தைக் குறித்துக்கொள், அங்கேயே விட்டுவிடு.

கேட்டவர்: ஓடைக்கரைப் பெண்

ஐயா, அக்கா, அண்ணா, மூவருக்கும் ரொம்ப நன்றி. கடல்நுரை வாங்கி வெட்டிப் பார்த்தேன். தாள் தாளாக அப்படியே இருக்கிறது! தூண்கள் பள்ளி லென்ஸில் தெளிவாகத் தெரியவில்லை, நுண்ணோக்கியில் மேலிருந்து வெளிச்சம் விட்டுப் பார்த்தபோது தெரிந்தது.

இன்னும் ஒரு சந்தேகம். நாட்டிலஸ் பிழைத்தது, கணவாய் பிழைத்தது. அம்மோனைட் மட்டும் ஏன் பூண்டோடு போனது? அப்புறம், எதற்கு மூன்று இதயம்?

பதில்: பழைய விலங்கியல் வாத்தியார், பெரம்பலூர்

நுண்ணோக்கியில் மேல் வெளிச்சம் விட்டுப் பார்த்தாயா! ரொம்ப சந்தோஷம் அம்மா.

மூன்று இதயத்தை முதலில் முடித்துவிடலாம். செவுளின் நுண்குழாய்களுக்குள் புகுந்து வரும்போது இரத்தத்தின் அழுத்தம் விழுந்துவிடும். மீனுக்கு இரண்டறை இதயம், அது செவுளுக்குத் தள்ளுகிறது. செவுளைத் தாண்டிய இரத்தம் அழுத்தம் குறைந்தபடியேதான் உடலுக்குப் போகிறது. கணவாய் வேகமாக நீந்தும் வேட்டைக்காரன். அதன் இரத்தத்தில் ஹீமோகுளோபின் கிடையாது, தாமிரம் உள்ள ஹீமோசயனின்தான். அது ஆக்சிஜனைக் குறைவாகத்தான் சுமக்கும். ஆகவே செவுளுக்குத் தள்ள இரண்டு, அங்கிருந்து வந்ததை மறுபடி அழுத்தி உடலுக்கு அனுப்ப ஒன்று. நம் இதயத்தில் வலப்பக்கம் நுரையீரலுக்கும் இடப்பக்கம் உடலுக்கும் தள்ளுகிறதே, அந்த இரண்டு வேலையைத்தான் அது தனித்தனி இதயமாக வைத்திருக்கிறது. வயல் நத்தைக்கு ஓர் ஆரிக்கிள், ஒரு வென்ட்ரிக்கிள், திறந்த சுற்றோட்டம். ஊர்ந்து போகிற வாழ்க்கைக்கு அது போதும்.

அழிவு விஷயத்துக்குச் சூழல் மண்டலப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யூகடான் பகுதியில் விண்கல் விழுந்தது. தூசியும் புகையும் வெயிலை மறைத்தன. வெயில் போனால் மிதவைத் தாவரங்கள் போயின. அவற்றைத் தின்ற மிதவை விலங்குகளும் போயின. கடல் மேல்நீரில் அமிலத்தன்மையும் ஏறியது. ஒரு மில்லிமீட்டர் குஞ்சு என்று சொன்னேன் அல்லவா? அம்மோனைட் குஞ்சுகள் அந்த மேல்நீரில் மிதவை உயிரிகளோடுதான் வளர்ந்தன. உணவும் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான். நாட்டிலஸ் ஆழமான இடத்தில் வாழ்வது. சில முட்டைகளே இடும், ஆனால் ஒவ்வொன்றிலும் நிறைய மஞ்சள் கரு. குஞ்சு பெரிதாகப் பிறந்து, செத்து மக்கிக் கிடப்பதைத் தின்றும் தாக்குப்பிடிக்கும். ஆய்வாளர்கள் பலர் முன்வைக்கும் விளக்கம் இது. உணவுச் சங்கிலியின் அடிக்கண்ணி அறுந்தபோது அதில் நேரடியாகத் தொங்கியவை முதலில் விழுந்தன.

தேர்வில் கேட்டால் வகுப்பு தலைக்காலிகள், ஆதாரம் அறைகளும் குழலும் என்று எழுது. இடம் இருந்தால் அறைச் சுவரின் கோட்டை வரைந்து காட்டு. மண்டபத்து அம்மா சொன்னபடி கணவாயை வெட்டும்போது உன் தோழியையும் கூட உட்கார வை.