ஐ யசாவாவின் ‘நானா’வில் காதல் எப்படி நிஜமாகுது? (கதை வெளிப்படும், எச்சரிக்கை)

மைக்கூடு:
யசாவாவோட ‘நானா’ மாங்காவை (ஜப்பானிய காமிக்ஸ்) வெச்சு வந்த அனிமே, அதாவது ஜப்பானிய கார்ட்டூன் தொடர், 47 எபிசோடும் முடிச்சாச்சு. இப்ப ஒரு காமிக்ஸுக்கு ஸ்கிரிப்ட் போயிட்டிருக்கு, நாயகிக்கு இருபது வயசு. அவள் ஏமாறுற இடம் வந்தாலே சீரியல் வாடை அடிக்குது: அவன் வில்லன், இவள் அப்பாவி. ‘நானா’வுல நானாங்கற பேர்ல ரெண்டு நாயகிகள், அதுல ஒருத்தியோட பட்டப்பேர்தான் ஹாச்சி. காதலன் ஷோஜி ஹாச்சியை விட்டுப் போற பகுதியில வில்லனே இல்லை, ஆனாலும் வலிக்குது. யசாவா இதை மாங்காப் பக்கங்கள்ல எப்படிச் செய்யறாங்க? மாங்காவை எந்தத் தொகுதியில ஆரம்பிக்கணும்?

நான்காம்_கட்டம்:
ரெண்டாவது கேள்வி சுலபம். அனிமே கிட்டத்தட்ட 12ஆம் தொகுதியோடு நின்றுவிடுகிறது. கதை மட்டும் வேண்டுமென்றால் 11இலிருந்து எடுங்கள், கொஞ்சம் பார்த்ததாகவே இருக்கும், பரவாயில்லை. ஸ்கிரிப்டுக்காக என்றால் 1இலிருந்துதான். மொத்தம் 21 தொகுதி. யசாவாவின் உடல்நலக் குறைவால் 2009 ஜூனில் தொடர் நின்றது, கதை முடியவில்லை. அதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

இனி ஷோஜி. அந்தப் பகுதியில் யசாவா செய்த முக்கியமான வேலை, விஷயத்தை ஹாச்சிக்கு முன்பே நமக்குக் காட்டிவிடுவது. உணவகத்தில் ஷோஜியோடு வேலை பார்க்கும் சச்சிகோவை முதலில் நமக்குப் பிடிக்கவைக்கிறார். அமைதியான, சின்ன உருவப் பெண். கடைசி ரயிலைத் தவறவிடும் இடத்தில், வேண்டுமென்றேதான் விட்டேன் என்று அவளே சொல்லிவிடுகிறாள். சதிகாரி அப்படி ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆசைப்பட்டவள்தான் சொல்வாள். இன்னொரு பக்கம் ஹாச்சி எப்போதும் கவனிப்பு கேட்கிறவள், ஷோஜியோ படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் களைத்துப்போனவன். ஹாச்சியிடம் குறையே இல்லையென்று கதை நடிக்கவில்லை. அதனால் அவன் விலகுவதும் நமக்குப் புரிகிறது, அதுதான் நம்மை உறுத்துகிறது.

குட்டு உடையும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். கோபத்தில் பாய்கிறவள் இன்னொரு நாயகி, ஹாச்சியின் தோழி நானா ஒசாகி. ஹாச்சி உறைந்து நிற்கிறாள். கத்தலை ஒருத்தியிடமும் அடியை இன்னொருத்தியிடமும் பிரித்துக் கொடுத்துவிட்டதால், ஹாச்சியை அழவைத்து வசனம் பேசவைக்கும் அவசியமே வரவில்லை. உங்கள் நாயகிக்கும் ஒரு தோழி இருந்தால் இதை முயலலாம்.

ஊசிமுனை:
அண்ணா சொன்னதோட இன்னொன்னும் சேர்த்துக்கங்க: பின்னணிக் குரல். கதையே ஹாச்சி பல வருஷம் கழிச்சு நானாவைக் கூப்பிட்டுப் பேசுற மாதிரிதான் நகருது. கவனிங்க, எந்தக் காதலனையும் பார்த்து இல்ல, தோழியைப் பார்த்து. ஜாலியான காட்சி முடியற இடத்துல அந்தக் குரல் வந்து ரெண்டே வரி சொல்லிட்டுப் போகும், அதுக்கு மேல இருந்த சிரிப்பு மொத்தமும் கசந்துடும். இதை அடிக்கடி செஞ்சா சலிச்சுடும். அத்தியாயத்தோட முதலும் கடைசியும் பொருத்தமான இடம்.

அடுத்து உடை. யசாவா ஒசாகாவுல ஃபேஷன் பள்ளியில படிச்சவங்க, அது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். நானாவோட விவியன் வெஸ்ட்வுட் (பிரிட்டிஷ் ஃபேஷன் வடிவமைப்பாளர்) மோதிரமும் அவளோட காதலன் ரென் கழுத்துல தொங்குற பூட்டும் அலங்காரத்துக்கு இல்ல. பூட்டு அவன்கிட்ட, சாவி நானாகிட்ட, அவள் கையில பச்சை குத்தின தாமரை. ஜப்பானிய மொழியில ரென்னுன்னா தாமரை, நானான்னா ஏழு. நானாவும் ஹாச்சியும் சேர்ந்து இருக்கற வீட்டு எண் 707. ‘உன்னை விட முடியல’ன்னு யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்ல. அதே மாதிரி அந்த ஸ்ட்ராபெரி படம் போட்ட ஜோடி டம்ளர். வாங்கறதைக் காட்டி, அதுல குடிக்கறதைக் காட்டி, ரொம்பப் பின்னாடிதான் ஒன்னு உடையுது. முன்னாடி புழங்காத பொருளை உடைச்சா வெறும் சத்தம்தான் மிஞ்சும்.

இன்னொரு தந்திரம்: ஹாச்சிக்கு நாய்க்காதும் வாலும் முளைக்கிற குட்டி உருவம். சோகம் கனக்கும்போது இடையில ஒரு கட்டம் அப்படி வரும், மூச்சு விட்டுக்கலாம். அது வராம நின்னுபோற பக்கங்கள்லதான் நிஜமான அடி விழும்.

கரிக்கோல்:
தோழி சொல்வதெல்லாம் சரி. ஆனால் நிஜம் நிஜம் என்று புகழும்போது, ஷோஜிக்குப் பிறகு ஹாச்சி வாழ்வில் வரும் டகுமியை மறந்துவிடுகிறோம். ஹாச்சி கர்ப்பமாகிறாள், தகப்பன் டகுமியா, அவளுடைய இன்னொரு காதலன் நோபுவா என்று அவளுக்கே தெரியாது. அன்புள்ளவன் நோபு, ஆனால் செய்தி கேட்டு வாயடைத்துப்போகிறான். டகுமியோ குழந்தையை ஏற்கிறேன் என்கிறான். அவள் டகுமியிடம் போகிறாள். பயந்துபோன ஒருத்தி அந்த நேரத்தில் கைக்கு எட்டியதைப் பிடிக்கிறாள், அவ்வளவுதான். இதுவரை யசாவாவின் பிடி அபாரம். பிறகு டகுமி அவளை அடக்கி ஆளும் இடங்களையும் அதே பளபளப்பான கோடுகளில், அதே நீண்ட இமைகளோடு வரைகிறார். வாசகர்கள் அவனை ரசிக்க அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இதை அப்படியே எடுத்துவிடாதீர்கள்.

ஸ்கிரிப்டுக்கு ஒரு வழி. நாயகி ஒருவனைத் தேர்ந்தெடுக்கும் காட்சிக்கு முன் நாலு விஷயம் குறித்துவையுங்கள்: அன்று அவள் கையில் எவ்வளவு பணம், வேலை இருக்கிறதா, அந்த இரவு எங்கே தூங்குவாள், முதலில் போனை எடுத்தது யார். இந்த நான்குக்கும் பதில் இல்லையென்றால் அவள் முடிவு கதாசிரியரின் முடிவாகத்தான் தெரியும். ஹாச்சியின் காதல் கணக்கு முழுக்க இதற்குள் அடங்கும்.

மைக்கூடு:
மூணு பேருக்கும் நன்றி. என் ஸ்கிரிப்டுல கடைசி ரெண்டுக்கும் பதிலே இல்லை, இப்பத்தான் தெரியுது. 21 தொகுதிக்கு முன்னாடி சின்னதா ஏதாவது?

நான்காம்_கட்டம்:
‘பாரடைஸ் கிஸ்’, 5 தொகுதிதான். மாங்கா இதழில் இல்லாமல் ஜிப்பர் என்ற ஃபேஷன் இதழில் வந்த தொடர். நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் யுகாரி, உடை வடிவமைக்கும் ஜார்ஜ். ஜார்ஜ் பேசும் கட்டங்களை மட்டும் ஒரு தடவை தனியாகப் படியுங்கள். அவன் அவளுக்காக முடிவெடுக்க மறுத்துக்கொண்டே இருப்பான், அவளோ அவனே முடிவு சொல்லட்டும் என்று காத்திருப்பாள். கடைசி அத்தியாயத்தை அதற்குப் பிறகு படித்தால் அவர்கள் ஏன் சேரவில்லை என்று தனியாக யாரும் விளக்க வேண்டியிருக்காது. வலமிருந்து இடமாகப் படிக்கும் பதிப்பையே வாங்குங்கள், கட்டங்களைத் திருப்பிப்போட்டால் கண் ஓடும் திசை கெட்டுவிடும்.