ரிவ்யூவில் ஒன்பது மார்க், நமக்குப் பாதியில் கசப்பு: உங்கள் கேம் அனுபவம் என்ன?

கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஒரு வகை விமர்சனம் உண்டு. மேலே "பரிந்துரைக்கவில்லை" என்று இருக்கும், பக்கத்திலேயே நூற்றுச் சொச்சம் மணி நேரம் ஆடியதாகக் கணக்கும் இருக்கும். "இவ்வளவு ஆடிட்டு இப்ப என்னப்பா குறை?" என்று நாலு பேர் கிண்டல் செய்வார்கள். எனக்கென்னவோ அந்த ஆளின் பேச்சில்தான் நம்பிக்கை. முதல் இரண்டு மணி நேரம் எந்தப் பெரிய கேமும் நன்றாகத்தான் இருக்கும். செதுக்கிச் செதுக்கி வைப்பதே அந்தப் பகுதியைத்தான். பணத்தைத் திருப்பிக் கேட்க ஸ்டீம் தரும் வரம்பும் அதே இரண்டு மணி நேரம்தான், அதுவும் வாங்கிய 14 நாளுக்குள். கேமின் சுயரூபம் தெரிவது அதற்கு அப்புறம்.

ஸ்டார்ஃபீல்ட் என்ற விண்வெளி கேம் விஷயத்தில் எனக்கு அதுதான் நடந்தது. 2023 செப்டம்பரில் வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரகங்கள் என்பதுதான் பெரிய பேச்சு. கப்பல் கட்டும் பகுதி அருமை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. எஞ்சினை எங்கே வைப்பது, சரக்கு அறையை எங்கே ஒட்டுவது என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பார்த்துப் பார்த்துக் கட்டிய அந்தக் கப்பலில் பறக்க வேலையே இல்லை. மேப்பைத் திற, கிரகத்தைத் தேர்ந்தெடு, தாவும் காட்சி, கறுப்புத் திரை, இறங்கும் காட்சி, மறுபடி கறுப்புத் திரை. விண்வெளி என்பது இரண்டு மெனுக்களுக்கு நடுவில் வந்துபோகும் ஒரு படம்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுமை உடைந்த இடம் வேறு. பனி மூடிய ஒரு நிலாவில் கைவிடப்பட்ட உறைபனி ஆய்வுக்கூடம் ஒன்று கிடைத்தது. உறைந்த குழாய்கள், பூட்டிய கதவு, கம்ப்யூட்டரில் யாரோ விட்டுப்போன குறிப்புகள். ஒவ்வொன்றாக நின்று படித்தேன், நல்ல கதை. அப்புறம் வேறொரு நட்சத்திர மண்டலத்தில், முற்றிலும் வேறு கிரகத்தில், அதே ஆய்வுக்கூடம். அதே நடைவழி, அதே கதவு, அதே குறிப்புகள். கதவைத் திறக்கும் முன்பே பெட்டி எந்த மூலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சக்திகளைத் தரும் கோயில்களும் அப்படியே: மிதந்து மிதந்து ஒளிப்புள்ளிகளைத் தொடு, வளையம் சுழலும், சக்தி கிடைக்கும். அடுத்த கோயிலிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

2024 ஆகஸ்டில் தரையில் ஓட்ட ஒரு வண்டி கொடுத்தார்கள். போய்ச் சேரும் வேகம் கூடியது, போய்ச் சேர்ந்த இடத்தில் பார்க்க என்ன இருந்தது?

என் கேள்வி இதுதான். இரண்டு நல்ல தருணங்களுக்கு நடுவே உள்ள நேரத்தை ஒரு கேம் எப்படிச் செலவழிக்கிறது? எல்லாரும் கொண்டாடிய கேமில் உங்களுக்குச் சலிப்புத் தட்டிய இடம் எது? "போர்" என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் இடத்தைச் சொல்லுங்கள்.

* * *

என் பதில் சில்க்சாங், ஹாலோ நைட் கேமின் அடுத்த பாகம். திட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், கையால் வரைந்த அந்த உலகத்துக்கும் இசைக்கும் 20 டாலர் என்பது அநியாயத்துக்குக் குறைவு. 2019-ல் அறிவித்து 2025 செப்டம்பர் 4 அன்று வெளியிட்டார்கள். வந்த நிமிடத்தில் ஸ்டீம் உட்பட ஆன்லைன் கடைகளே திணறின. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஆனால் "லாஸ்ட் ஜட்ஜ்" என்ற பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், போகும் வழி இருக்கிறதே! சண்டை அற்புதம். தூபக்கலசம் மாதிரி ஒன்றைச் சங்கிலியில் கட்டிச் சுழற்றுவார், நெருப்பு அலை வரும், எல்லாம் நியாயமான அடிதான். தோற்றால் கடைசியாக உட்கார்ந்து ஓய்வெடுத்த பெஞ்சிலிருந்து மறுபடி கிளம்ப வேண்டும். காற்று எதிரே தள்ளும், மண்ணைத் துளைத்துக்கொண்டு எதிரிகள் பாய்வார்கள், ஒரு தாவல் பிசகினால் கீழே. வந்து சேரும்போதே உயிரில் பாதி போயிருக்கும். சண்டையில் தோற்றதற்கு எனக்குக் கோபம் இல்லை. தோற்றதிலிருந்து கற்றுக்கொண்டதை உடனே போட்டுப் பார்க்க விடாமல் நடுவே ஓட்டப்பந்தயம் வைப்பதுதான் கடுப்பு. கடைசியில் ஒருவழியாக அவரைச் சாய்த்தால், சாகும்போது வெடிக்கிறார். நின்று ரசித்தால் நாமும் காலி.

இன்னொன்று, தொடக்கத்தில் நமக்கு ஐந்து முகமூடி உயிர். ஆட்டம் கொஞ்சம் நகர்ந்ததுமே ஒரே அடியில் இரண்டைப் பறிக்கும் எதிரிகள் வந்துவிடுகிறார்கள். மூன்றாவது அடியில் கதை முடிந்தது. அப்படியானால் ஐந்து என்று எதற்குக் கொடுத்தார்கள்?

* * *

மேலே எழுதிய நண்பரிடம் கொஞ்சம் சண்டை போடணும்.

அந்த வழி உங்களுக்கு ஓட்டப்பந்தயம், எனக்கு அது பாடத்தின் ஒரு பகுதி. முதல் தடவை ஒவ்வொரு எதிரியாக நின்று அடித்துக்கொண்டு போனேன். அப்புறம் எந்த மேடையில் தாவினால் யாரும் தொடமாட்டார்கள் என்று கை தானாகவே பழகிவிட்டது. செத்த இடத்தில் நாம் விட்டுவந்த கூட்டை உடைத்தால், உயிரைத் தேற்றச் செலவாகும் பட்டு நூல் நிரம்பிவிடும் என்பதைக் கவனித்தீர்களா? அதாவது சண்டை தொடங்கும்போதே கையில் ஒரு சிகிச்சை தயார், அதுவும் ஒரே மூச்சில் மூன்று முகமூடியைத் திருப்பித் தரும் சிகிச்சை. இரட்டை அடி எதற்கு என்ற கேள்விக்கும் அங்கேதான் பதில். பழைய ஹாலோ நைட்டில் ஒவ்வொன்றாகத்தான் தேற்ற முடியும், அந்தக் கணக்கை இங்கே போடக் கூடாது.

நாம் ஆடும் பாத்திரமான ஹார்னெட்டின் கீழ்நோக்கிய தாக்குதல் சாய்வாகப் போவதைப் பற்றியும் பலர் புலம்பினார்கள். தாக்கும் பாணியையே மாற்றும் வேறு க்ரெஸ்ட் எடுத்து மாட்டினால் அந்தப் பிரச்சினையே இல்லை. கேம் கையில் வைத்திருக்கும் பதிலைத் தேடாமலே கேள்வியைப் பற்றிக் கோபப்படுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம். வெளியான சில நாளிலேயே பேட்ச் போட்டு மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற ஆரம்ப பாஸ்களை லேசாக்கினார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

சரி, பைல்வாட்டர் என்ற சதுப்புப் பகுதியை மட்டும் நான் காப்பாற்றப் போவதில்லை. தண்ணீரில் விழுந்தால் உடம்பெல்லாம் புழு, புழு இருக்கும்வரை உயிரைத் தேற்றிக்கொள்ள முடியாது, பாஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பெஞ்சையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள். அது பாடம் இல்லை, வன்மம்.

* * *

நடப்பதையே கேமாக ஆக்கிய ஒன்றைச் சொல்லட்டுமா? டிராகன்ஸ் டாக்மா 2. வந்தது 2024 மார்ச் 22. விரும்பிய இடத்துக்குச் சட்டென்று தாவும் வசதியை வேண்டுமென்றே சுருக்கி வைத்திருந்தார்கள். பயணம் சலிப்பாக இருந்தால் அது உங்கள் கேம் சலிப்பானது என்பதால்தான் என்ற பொருளில் அதன் இயக்குநர் ஹிடேகி இட்சுனோ பேட்டியே கொடுத்தார். வாய் ஜாஸ்திதான், ஆனால் பாதி தூரம் நிரூபித்தும் காட்டினார்.

மாட்டுவண்டியில் ஏறிக் கண்ணயர்ந்தேன். பாதி வழியில் கிரிஃபின் என்ற ராட்சதச் சிறகு மிருகம் ஒன்று வானத்திலிருந்து வண்டி மேலேயே இறங்கியது. வண்டி சுக்குநூறு. ஆத்திரத்தில் அதன் முதுகில் ஏறிக் குத்திக்கொண்டே இருந்தேன். அது என்னையும் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. கீழே என்னுடன் வந்த பான்கள், அதாவது கேமே ஆட்டுவிக்கும் துணையாட்கள், எறும்பாகச் சிறுத்துப் போனார்கள். இறங்கியபோது நான் கேள்விப்பட்டே இராத மலை உச்சியில், அதன் கூட்டில் நிற்கிறேன். உயிரும் கொஞ்சம், பொழுதும் சாய்கிறது, துணைக்கு ஒருவரும் இல்லை. இதையெல்லாம் எந்த மிஷனும் எனக்கு எழுதித் தரவில்லை. மேலே முதல் நண்பர் கேட்டாரே, அந்த நடுநேரம், அது இங்கேதான் முழுச் சாப்பாடு.

ஆனால் தூரம் போகப்போக அதே காப்ளின், அதே ஹார்ப்பி, அதே பல்லி மனிதர்கள். நடையை மையமாக வைத்தவர்கள் வழியில் சந்திக்க இன்னும் பத்து வகை ஜந்துக்களைப் படைத்திருக்க வேண்டும். அதோடு, தாவுவதற்கான போர்ட்கிரிஸ்டல் கல் ஒன்றை முதல் நாளே நிஜக் காசுக்குக் கடையில் வைத்தார்கள். கேமுக்குள்ளும் கிடைக்கும், வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருக்கட்டும். ஒரு கையால் "நடந்தே போ, அதுதான் சுகம்" என்று சொல்லி மறுகையால் சுருக்குவழியை விற்றால், அந்த நடையை எதற்காக நீட்டினார்கள் என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். கேமைக் கெடுத்தது கிரிஃபின் இல்லை, அந்தக் கடைதான்.

* * *

எனக்கு நேர் எதிர் அனுபவம். ராட்சத ஜந்துக்களை வேட்டையாடும் மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் கேமின் கதைப் பகுதியில், நாம் சவாரி செய்யும் செய்க்ரட் பறவை தானே ஓடும், கூட இருப்பவர்கள் தாங்களே பேசுவார்கள், நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பேன். சண்டை வந்தால் கலகலப்பு, முடிந்ததும் மறுபடி பறவைச் சவாரி. வெளியானபோது ஸ்டீமில் ஒரே நேரத்தில் 13 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள், பின்னாலேயே கம்ப்யூட்டரில் சரியாக ஓடவில்லை என்று விமர்சனங்கள் கொட்டின. ஓடாததைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நன்றாக ஓடினாலும் என்னை ஓட்ட விடவில்லை என்பதுதான் என் புகார்.

* * *

கல்லெறி வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன்: க்ளேர் ஆப்ஸ்க்யூர் எக்ஸ்பெடிஷன் 33. 2025-ன் சிறந்த கேம் விருது வாங்கியது, வாங்கட்டும், எனக்கும் சம்மதம். முறை வைத்து அடிக்கும் பழைய பாணிச் சண்டையில் பேரியை, அதாவது சரியான நொடியில் பட்டனை அழுத்தி எதிரியின் அடியைத் தடுப்பதை, கொண்டுவந்தது பெரிய வேலை. எதிரி கத்தியை ஓங்கிவிட்டு ஒரு நொடி தாமதிப்பான் பாருங்கள், அந்தத் தாமதத்தில் ஏமாந்து ஏமாந்து, கடைசியில் கண்ணை விட்டுவிட்டுக் காதால் பிடிக்கப் பழகினேன்.

பிரச்சினை கதையின் மூன்றாம் பாகத்தில். அதுவரை ஒரு அடிக்கு 9,999 என்ற உச்சவரம்பு இருக்கும். மூன்றாம் பாகம் தொடங்கியதும் அதை நீக்கும் பொருள் கைக்கு வந்துவிடும், கூடவே உலகம் முழுக்கத் திறந்துவிடும். கதையோ "உடனே போ, நேரமில்லை" என்கிறது. வரைபடமோ "இங்கே குகை, அங்கே தீவு" என்று கூப்பிடுகிறது. நான் தீவுக்குப் போனேன். எல்லாத் தீவுக்கும் போனேன். கதையைக் கெடுக்காமல் சொல்வதானால், கடைசியாகப் போய் நின்றபோது எதிரே இருந்தவர் தன் வித்தைகளைக் காட்டத் தொடங்கும் முன்பே விழுந்துவிட்டார். அவ்வளவு நேரம் கட்டி எழுப்பிய உணர்ச்சி, அழகான இசை, எல்லாம் ஒரு சுற்றில் முடிந்தது. பொறுமையாகச் சுற்றிப் பார்த்தவனுக்குத்தான் இங்கே தண்டனை.

யாராவது நேரே கடைசிச் சண்டைக்குப் போனீர்களா? எப்படி இருந்தது?

* * *

நான் போனேன். பக்கத்தில் எதையும் தொடவில்லை. அவர் எல்லாவற்றையும் காட்டினார், ஒரு பேரி தவறினால் ஒரு ஆள் காலி, பாட்டு முழுசாகக் கேட்டது. தீவுகளுக்கு அப்புறம்தான் போனேன். முதல் தீவிலேயே உதை வாங்கித் திரும்பி வந்தேன். அந்த வரிசையில் ஆடுங்கள் என்று கேமில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, கதை அவசரப்படுத்தியதால் போனேன், அவ்வளவுதான்.