மதிப்பீட்டில் விட்டுப்போன மறுகால்

கரிசல்காரன்:
சாலைத் திட்டங்களுக்கு அளவுக் கணக்கு போடும் வேலையில் 14 வருஷம் இருந்தேன். சுற்றுச்சூழல் அறிக்கையில் 'திட்டச் செலவு இத்தனை கோடி' என்று வருமே, அந்தத் தொகை பிறக்கும் இடம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் சாலை எந்த வயல் வழியாகப் போகும் என்பதே பாதிதான் முடிவாகியிருக்கும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பெருக்குவோம். நிலத்துக்கு, பத்திரப்பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. வரைபடத்தில் நீலக்கோடு குறுக்கே வரும் இடமெல்லாம் ஒரு கல்வெர்ட், அதாவது ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சின்னப் பாலம். மேலே எதிர்பாராச் செலவு கொஞ்சம் தூவினால் தொகை தயார்.

மானூர்ப் பக்கம் ஒரு நால்வழிச் சாலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். ஒரு பெரியவர் மைக்கைக்கூட வாங்காமல் எழுந்து கேட்டார்: "தம்பி, எங்க குளம் பெருகுனா மறுகால் தண்ணி எங்க போவும்?" படத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் நீலக்கோடே இல்லை.

மறுநாள் அவரோடு வரப்பில் நடந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தண்ணீர் ஓடும் தாழ்வு. மற்ற நாளில் ஆடு மேயும். ஒரு குளம் நிறைந்து மிஞ்சும் தண்ணீர், அதாவது மறுகால், அடுத்த குளத்துக்குப் போகும் பாதை அதுதான். எங்கள் தாளில் அந்த 2 கிலோமீட்டருக்கு 3 கல்வெர்ட். நடந்து எண்ணியதில் 8. அப்புறம், அடியில் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். வெட்டி எடுத்துவிட்டு கிராவல் கொட்டாமல் ரோடு நிற்காது. அதுவும் கணக்கில் இல்லை.

திருத்திய தொகையை எழுதிக் கொடுத்தேன். நான் வேலை பார்த்த நிறுவனம் பழைய தொகையையே அனுப்பியது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நாங்குநேரி வாசி:
நிலம் எடுப்புக்கான 2013 சட்டப்படி சந்தை மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. கிணறு, மரம் தனி. எங்கள் நிலம் போனபோது அறிக்கையில் இருந்த நிலச் செலவை ஏக்கரால் வகுத்துப் பார்த்தேன். வழிகாட்டி மதிப்பைத் தாண்டி ஒரு பைசா இல்லை. என் தோட்டத்தில் 60 பனை. ஒன்றுக்குக்கூட விலை போடவில்லை.

உவரிக்காரன்:
2005 ஜூலை 2-ல், கப்பல் போகக் கடலைத் தோண்டும் சேதுக் கால்வாய் வேலை தொடங்கியபோது சொன்ன மதிப்பீடு 2,427 கோடி. "அள்ளுற மண்ணுக்குக் கணக்கு இருக்கு. கடல் திரும்பக் கொண்டாந்து தட்டுற மணலுக்கு?" என்று எங்கப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். வேலை பாதியில் நின்றதால் அதற்கு விடையும் தெரியாமல் போச்சு.

கரிசல்காரன்:
இது நம்ம ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. டென்மார்க் ஆய்வாளர் பெந்த் ஃபிளைவ்பியர்க் குழு 2002-ல் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்தது. பத்தில் ஒன்பது மதிப்பீட்டைத் தாண்டியவை. சராசரி, சாலைக்கு 20 சதவீதம், ரயிலுக்கு 45. நாங்கள் போட்டது ரயில் பாதை இல்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மானூர்ப் பக்கத்துக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் உள்ள விதி. பாதிப் பேர் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். பெரியவர் போகவில்லை. 'விவசாயி ஒருவர் வடிகால் வசதி கோரினார்' என்று வாசித்ததும் எழுந்தார். "வடிகால் இல்ல தம்பி, மறுகால். அடிச்சு எழுதுங்க." அடித்து எழுதினார்கள். அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.