புதுப்பிப்பு: இடுப்பு எலும்பு அறுவைக்கு முதுகு ஊசியா, முழு மயக்கமா?

அம்மாவின் இடுப்பு எலும்பு முறிவு அறுவைக்கு முதுகு ஊசியா, முழு மயக்கமா, எதில் அறுவைக்குப் பின் வரும் மனக்குழப்பம் குறைவு என்று இங்கே கேட்டிருந்தேன். பெரும்பாலோர் முதுகு ஊசி என்றீர்கள். அறுவை முடிந்தது, முதுகு ஊசிதான் போட்டார்கள். ஆனால் காரணம் அம்மாவின் நுரையீரல், மனக்குழப்பம் பற்றிய பயம் அல்ல.

மயக்க மருத்துவர் சொன்ன இரண்டு ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். ரீகெய்ன் ஆய்வில் (2021) 50 வயதும் அதற்கு மேலும் ஆன 1,600 பேர். மனக்குழப்பம் முதுகு ஊசியில் 20.5%, முழு மயக்கத்தில் 19.7%. சரி, முதுகு ஊசி போட்டவர்களுக்கும் தூக்க மருந்து கொடுத்திருப்பார்களே, அதனால்தான் வித்தியாசம் தெரியவில்லையோ என்று தோன்றும். ஆமாம், பலருக்கும் கொடுத்தார்கள். அதனால்தான் சீனாவில் நடந்த ராகா ஆய்வு எனக்கு முக்கியமாகப் பட்டது. அதில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 950 பேர். முதுகு ஊசித் தரப்பில் தூக்க மருந்தே கிடையாது. அப்படியும் மனக்குழப்பம் முதுகு ஊசியில் 6.2%, முழு மயக்கத்தில் 5.1%. பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம், நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று: அறுவைக்கு முன்பே அல்ட்ராசவுண்டில் பார்த்து தொடை மடிப்பருகே நரம்பை மரத்துப்போகச் செய்தார்கள். முதுகு ஊசிக்காக அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தபோது வலி தாங்கும்படி இருந்தது. இதை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.