ஆப்பிள் மடிக்கணினிக்கு லினக்ஸ் கர்னல்: இந்த உழைப்பு தேவைதானா?

பழைய_திங்க்பேட்:
ஆப்பிளோட சொந்த எம்1 சிப் போட்ட மேக்புக்கில் லினக்ஸை ஓடவைக்கும் அசாஹி திட்டத்தை 2021லிருந்து கவனிச்சிட்டு வர்றேன். அவங்க திறமை மேல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா ஆப்பிள் இவங்களுக்குன்னு ஆவணம் எதுவும் தர்றதில்லை. வன்பொருள் எப்படி நடந்துக்குதுன்னு பார்த்துப் பார்த்து, சிப்பைக் கட்டுப்படுத்தற ரெஜிஸ்டர் ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு, வன்பொருளை இயக்கற டிரைவர் எழுதறாங்க. முடிக்கறதுக்குள்ள எம்3, எம்4ன்னு புது சிப் வந்துடுது. இன்டெலும் ஏஎம்டியும் கிராபிக்ஸ் டிரைவரைத் தாங்களே எழுதி, லினக்ஸோட மையப்பகுதியான கர்னலுக்கு அனுப்பறாங்க. லெனோவோ 2020லயே ஃபெடோரா லினக்ஸ் போட்ட திங்க்பேட் மடிக்கணினி வித்தாங்க. கூட நிக்கறவங்களை விட்டுட்டு, கதவைச் சாத்தினவங்க வாசல்ல ஏன் காத்துக் கிடக்கணும்?

மென்னிலா:
கதவைச் சாத்தலைங்க. ஐபோன் மாதிரி பூட்டியிருந்தா நானும் உங்க பக்கம்தான் பேசுவேன். எம்1 மேக்குல பயனரே கடவுச்சொல் கொடுத்து, தான் கம்பைல் பண்ணின கர்னலை பூட் பண்ணலாம். பூட்டை உடைக்கற ஜெயில்பிரேக் தேவையில்லை. பக்கத்துல இருக்கற மேக்ஓஎஸ் பாதுகாப்பும் குறையாது.

எல்லாத்தையும் புதுசா எழுதறாங்கன்னு சொல்றதும் சரியில்லை. பழைய ஐபோன் சிப்புகள்ல சாம்சங் வேர் இருந்ததால, சீரியல் போர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த சாம்சங் டிரைவரையே கொஞ்சம் மாத்திப் பயன்படுத்தினாங்க. சிப்புகள் தங்களுக்குள்ள பேசிக்கற ஐ2சி தடத்துக்கும் அப்படித்தான். ஆப்பிள் 2008ல வாங்கின பி.ஏ. செமி நிறுவனத்தோட சிப்புக்கு எழுதின பழைய டிரைவரைப் பிரிச்சு எம்1க்கும் பொருத்தினாங்க. முதல் கட்ட ஆதரவு 2021லயே 5.13 கர்னல்ல மெயின்லைனுக்கு, அதாவது அதிகாரப்பூர்வ கர்னலுக்கு வந்தாச்சு.

பழைய_திங்க்பேட்:
5.13ல வந்தது சீரியல், இன்டரப்ட் (வன்பொருள் ப்ராசஸரைக் கூப்பிடற வழி), ப்ராசஸர் கோர்களை எழுப்பறது, திரையில படம் காட்ட வெறும் ஃப்ரேம்பஃபர். அதை வெச்சு யாரும் அன்றாட வேலை பார்க்க முடியாது. 2025 தொடக்கத்துல அவங்க தனிக் கிளையில ஆயிரத்துக்கும் மேல பேட்ச் (கோடு மாற்றங்கள்) தேங்கியிருந்துச்சு. ஒவ்வொரு கர்னல் வெளியீட்டுக்கும் அத்தனையையும் ரீபேஸ் பண்ணி, புது கர்னல் மேல திரும்பப் பொருத்தணும். அந்த பிப்ரவரியில திட்டத்தைத் தொடங்கின ஹெக்டர் மார்ட்டின் தலைமையிலிருந்து விலகினார். அவர் சொன்ன காரணங்கள்ல சோர்வும் ஒண்ணு. மனுஷங்களை இப்படித் தேய்க்கறதுதான் எனக்கு வலிக்குது.

ஒலிப்பொறி:
ஸ்பீக்கரைப் பத்தி ரெண்டு பேருமே பேசலை. மேக்புக் ஸ்பீக்கர் சின்னது, அதை ஓட்டற ஆம்ப்ளிஃபயருக்கு அதை எரிக்கற அளவுக்கு சக்தி இருக்கு. சும்மா டிரைவர் எழுதி சத்தத்தைத் திறந்துவிட்டா காயில் கருகிடும். அதனால ஆம்ப்ளிஃபயர் அளந்து அனுப்பற வோல்டேஜையும் கரன்ட்டையும் வெச்சு, காயில் எவ்வளவு சூடாயிருக்கும்னு ஸ்பீக்கர்சேஃப்டிடிங்கற அவங்களோட நிரல் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். எல்லை தாண்டினா சத்தத்தைக் குறைக்கும். அது ஓடலைன்னா கர்னல் சத்தத்தை உயரவே விடாது. யாரும் சொல்லித்தராம இதைச் செஞ்சிருக்காங்க.

திங்க்பேட் சார், 'கூட நிக்கற' நிறுவனங்களோட மடிக்கணினி எத்தனை, கர்னலோட ரியல்டெக் ஒலி சிப் டிரைவர்ல அந்த மாடலுக்கு ஒரு வரி சேர்க்கற வரைக்கும் ஊமையா கிடந்திருக்கு? அந்த வரியையும் பல நேரம் பயனர்தான் கண்டுபிடிச்சு அனுப்பறார்.

பழைய_திங்க்பேட்:
ஸ்பீக்கர் விஷயம் நல்ல வேலைதான், மறுக்கலை. ஆனா ஒரு வரி சேர்க்கறதும் ஒரு முழு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) டிரைவரை ரஸ்ட் நிரல்மொழியில எழுதறதும் ஒண்ணாகாது. அந்த டிரைவர் மெயின்லைனுக்குள்ள போற வரைக்கும், லினக்ஸுக்காக மேக் வாங்குங்கன்னு யாருக்கும் சொல்லமாட்டேன். கைரேகையும் இன்னும் வேலை செய்யலை.

மென்னிலா:
வாங்கச் சொல்லி நானும் கேக்கலை. ஏற்கெனவே கையில வெச்சிருக்கறவங்களுக்காகத்தான் பேசறேன். 2025ல புது சிப்பை ஒதுக்கிவெச்சு, தேங்கின பேட்ச்களை மெயின்லைனுக்கு அனுப்பறதைத்தான் அவங்க முதல் வேலையா வெச்சாங்க. இன்டெல் மேக்குக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசின்னு ஆப்பிளே அறிவிச்சிட்டாங்க. ஒருநாள் எம்1 முறையும் வரும். அன்னைக்கு அந்த மெஷின் ஒவ்வொண்ணுலயும் ஓட ஒரு கர்னல் தயாரா இருக்கணும். அதுக்கு வேலையை இப்பவே செஞ்சாதான் உண்டு.