ஓடும் முன்னால் காலை இழுத்துப் பிடிக்கணுமா, ஓடி முடித்த பிறகா?

முக்கூடல் தம்பி:
அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டு இருக்கிறேன், 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடணும். மூச்சு வாங்குவது பெரிய விஷயமாக இல்லை, தொடையின் பின்பக்கம்தான் தொல்லை. விடிய எழுந்து நேரே மைதானத்துக்குப் போய் ஓட ஆரம்பித்தால் முதல் ரவுண்டு முழுக்க இறுக்கமாகவே இருக்கிறது, காலை எட்டி வைக்க முடியவில்லை. குனிந்தால் விரல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும்தான் போகிறது. கூட ஓடுகிறவர்களில் ஒருவன், ஓடும் முன்னால் கால் விரலைத் தொட்டு இரண்டு நிமிஷம் அப்படியே நில் என்கிறான். இன்னொருவன் ஸ்ட்ரெச்சிங்கே பண்ணாதே, வேகம் போய்விடும் என்கிறான். எது சரி?

அப்புறம் அம்மாவுக்காகவும் ஒன்று கேட்கணும். அம்மா பீடி சுற்றுகிறவர்கள். காலையில் சுளகை மடியில் வைத்தால் சாயங்காலம் பீடி கொடுக்கப் போகிற வரைக்கும் குனிந்த தலை நிமிர்வதில்லை. கழுத்தும் தோளும் இறுகிப்போய் ராத்திரி புரண்டு படுக்கவே கஷ்டப்படுகிறார்கள். தைலம் தேய்த்து வெந்நீர் ஊற்றினால் அன்றைக்குச் சரியாகிறது, மறுநாள் திரும்பவும் அதேதான்.

பாளை பி.டி. மாஸ்டர்:
தம்பி, வார்ம் அப் வேறு, ஸ்ட்ரெச்சிங் வேறு. நிறையப் பையன்கள் வ.உ.சி. மைதானத்துக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் குனிந்து காலைத் தொடுகிறார்கள், அதோடு வார்ம் அப் முடிந்தது என்று நினைக்கிறார்கள். தசை சூடேறினால்தான் இளகும், ரத்த ஓட்டம் கூடும், நரம்புக் கட்டளையும் வேகமாகப் போகும். அந்தச் சூடு நின்ற இடத்தில் இழுத்துப் பிடிப்பதால் வராது, அசைந்தால்தான் வரும்.

முதலில் ஏழெட்டு நிமிஷம் மெதுவான ஓட்டம், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில். நெற்றியில் லேசாக வியர்வை துளிர்க்கணும். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் வீசு, முதலில் சின்னதாக, போகப் போக உயரமாக, பத்துப் பதினைந்து தடவை. பிறகு முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நடை, குதிகால் பின்னால் வந்து தட்டுகிற மாதிரி ஓட்டம், நீளமாக எட்டு வைத்து இறங்கி ஏறுகிற நடை. கடைசியாக 60, 80 மீட்டருக்கு மூன்று நான்கு ஓட்டம், ஒன்றைவிட ஒன்று வேகமாக. இவ்வளவும் முடித்துவிட்டு முதல் ரவுண்டு ஓடிப் பார், வித்தியாசம் உனக்கே தெரியும். கார்த்திகை, மார்கழியில் ஈரக்காற்று அடிக்கிற விடியற்காலையில் இதை இன்னும் கொஞ்சம் நீட்டு.

இன்னொன்று. 7 நிமிஷம் என்றால் 400 மீட்டர் ரவுண்டுக்கு 1 நிமிஷம் 52 வினாடி. முதல் ரவுண்டை ஒன்றரை நிமிஷத்தில் ஓடிவிட்டுக் கால் இறுகுகிறது என்றால் அது வேகக் கணக்கின் பிரச்சினை, தசையின் பிரச்சினை இல்லை.

குறுக்குத்துறைக்காரன்:
ஓடும் முன்னால் ஸ்ட்ரெச்சிங் கூடவே கூடாது மாஸ்டர், இப்போது எல்லா ஆராய்ச்சியும் அப்படித்தான் சொல்கிறது.

சேரன்மகாதேவி பிசியோ:
அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது அண்ணே. ஒரே தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே ஓடினால் தசையின் பலம் கொஞ்சம் குறைகிறது, அது உண்மை. அதனால் இரண்டு நிமிஷம் குனிந்து நிற்கிற யோசனையை விட்டுவிடலாம். ஆனால் இருபது முப்பது வினாடி பிடித்துவிட்டு, அதன் பிறகு மாஸ்டர் சொன்ன அசைவுகளையும் செய்தால் ஒரு கெடுதலும் இல்லை.

தம்பி, வளைவு கூடணும் என்றால் அதற்கு நேரம் ஓட்டம் முடிந்த பிறகு, அல்லது சாயங்காலம். தரையில் பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொள். ஒரு துண்டை உள்ளங்காலில் மாட்டி இரண்டு முனையையும் கையில் பிடித்து, முழங்காலை முடிந்தவரை நீட்டியபடி காலை மேலே தூக்கு. தொடையின் பின்பக்கம் இழுக்கிறது, ஆனால் மூச்சை அடக்கவேண்டி வரவில்லை என்கிற இடத்தில் நிறுத்து. 30 வினாடி, ஒரு காலுக்கு இரண்டு மூன்று தடவை. குதித்துக் குதித்து இழுக்காதே. அடுத்த கால் தரையோடு ஒட்டியே இருக்கணும், இடுப்பு தூக்கினால் முதுகுதான் வளையும், தொடைக்கு ஒன்றும் நடக்காது. வாரத்தில் பாதி நாளாவது செய்தால் சில வாரத்தில் விரல் கீழே இறங்கும். ஆரம்பத்தில் தசை நீளுவதைவிட, அந்த இழுப்பைத் தாங்க உடம்பு பழகுவதுதான் அதிகம் நடக்கிறது. அதனால் நடுவில் விட்டால் பழையபடி ஆகிவிடும்.

ஸ்ட்ரெச்சிங் செய்தால் மறுநாள் உளைச்சலே வராது என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பவேண்டாம். புதிதாகக் கடுமையாக ஓடினால் ஒன்று முதல் மூன்று நாள் வரைக்கும் வலி இருக்கத்தான் செய்யும். லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதால் வருவதில்லை அது, அந்த அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். பழக்கமில்லாத வேலையால் தசை நாரில் ஏற்படுகிற நுண்ணிய சிதைவுதான் காரணம். லேசான நடையும் தூக்கமும் போதும்.

பின்தொடை இறுக்கத்துக்குப் பலம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். மண்டியிட்டு முழங்காலில் நில், நண்பன் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும், உடம்பை நேராக வைத்துக்கொண்டு முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்ந்து கையை ஊன்றி இறங்கு. இதற்கு நார்டிக் பயிற்சி என்று பேர். இதை ஒழுங்காகச் செய்கிற கால்பந்து வீரர்களிடம் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதி குறைந்திருக்கிறது. நான்கைந்து தடவையில் ஆரம்பி, வாரம் இரண்டு நாள் போதும்.

ஓடும்போது சுரீர் என்று குத்தி நின்றுவிட்டாலோ, தோலில் கருநீலம் படர்ந்தாலோ, இடுப்பிலிருந்து கால்வரை மரத்துப்போனாலோ இழுத்துச் சரி செய்யப் பார்க்காதே. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடு.

மேலப்பாளையம் அக்கா:
தம்பி, உங்கள் அம்மா கஷ்டம் எனக்குத் தெரியும், நானும் சுற்றுகிறவள்தான். எங்கள் தெருவில் ஐந்தாறு பேர் சேர்ந்து உட்காருவோம், ஒரு கட்டு முடிந்ததும் எல்லாரும் சுளகை இறக்கி வைத்துவிடுவோம். தோளைக் காது வரைக்கும் தூக்கிப் பின்னால் சுழற்றி இறக்குவது, தாடையை உள்ளே இழுத்துப் பின்மண்டையைச் சுவரில் ஒட்டி ஐந்து எண்ணுவது, விரல்களைக் கோத்துக் கையை மேலே தூக்குவது, எழுந்து வாசல்வரை ஒரு நடை. இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ராத்திரி ஒரேயடியாகச் செய்வதைவிட இப்படி இடையிடையே செய்வதுதான் எங்களுக்குக் கேட்கிறது. ஒரே இடத்தில் அசையாமல் இருப்பதுதான் இறுக்குகிறது தம்பி. தைலத்தை விடவேண்டாம், ஆனால் அது மட்டும் போதாது. சுளகுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து உயர்த்திக் கொடுங்கள், கழுத்து அவ்வளவு குனிய வேண்டியதில்லை. முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரச் சொல்லுங்கள்.

சேரன்மகாதேவி பிசியோ:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. அம்மாவுக்கு விரல் மரத்துப்போகிறது, கையில் பிடிப்பு குறைகிறது என்றால் மட்டும் தாமதிக்காமல் காட்டணும். வெளியே போய்வர முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

முக்கூடல் தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தலையணையை இன்றைக்கே வைக்கிறேன். மாஸ்டர், தேர்வு அன்றைக்கு நம்பர் கூப்பிடுகிற வரைக்கும் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்கிறார்களே, சூடு ஆறிப்போகாதா?

பாளை பி.டி. மாஸ்டர்:
ஆறும். அதனால் வந்ததுமே எல்லாவற்றையும் செய்து தீர்த்துவிடாதே. உன் குழுவுக்கு முன்னால் இரண்டு குழு இருக்கும்போது எழுந்து ஆரம்பி. ஓட இடம் விடவில்லை என்றால் நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கி ஓடு, குதிகாலை உயர்த்தி இறக்கு, காலை வீசு. வெயில் சுள்ளென்று இருந்தால் நிழலில் நில், தண்ணீரை மடக்கு மடக்காகக் குடி, வார்ம் அப்பைச் சுருக்கிக்கொள்.

வருகிற ஞாயிறு காலை மைதானத்துக்கு வந்தால் கால் வீசுவதையும் நார்டிக்கையும் செய்து காட்டுகிறேன். கணுக்காலைப் பிடிக்க ஒரு கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வா.