ஆழ்கடல் குட்டி மட்டிகள்: ஓட்டின் மேலுள்ள வளர்ச்சி வரிகளை வைத்து வயது சொல்லலாமா? குடலைச் சீவாமல் பார்க்க வழி உண்டா?

கேள்வி (கடலடிச்சேறு):
2,000 மீட்டருக்குக் கீழே எடுத்த சேற்றைச் சலித்துப் பிரித்த யோல்டியெல்லா வகை மட்டிகள், 1.5 முதல் 4 மி.மீ. வரை. ஃபார்மலினிலிருந்து எத்தனாலுக்கு மாற்றியவை. சிலவற்றில் ஓடு வெளுத்து மாவாக உதிர்கிறது. வரிகளை எண்ணினால் வயது கிடைக்குமா? சிறியவற்றின் கீலில் (இரு ஓடுகளும் இணையும் விளிம்பில்) பின்பக்கம் 7 பற்கள், பெரியவற்றில் 12. இரண்டு இனங்களா? மெழுகில் புதைத்து மெல்லிய சீவல்களாகச் சீவாமல் குடலின் சுற்றைப் பார்க்க முடியுமா?

பதில் (கீல்பல்):
பல் எண்ணிக்கையை மட்டும் வைத்து இனம் பிரிக்க வேண்டாம். ஓடு வளர வளர, கீலின் வெளிநுனிகளில் புதுப் பற்கள் சேரும்; நடுவில் இரு ஓடுகளையும் இணைக்கும் தசைநார் பெரிதாகி, அம்போவை (ஓட்டின் மேல் முனையில் உள்ள கூம்பை) ஒட்டிய பற்களை விழுங்கும். எல்லா அளவிலும் ஓடுகளை எடுத்து, நீளத்துக்கு எதிராகப் பற்களை வரைபடமாக்குங்கள். புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்தால் ஒரே இனமாக இருக்கவே வாய்ப்பு. ஓட்டின் உருவமும் வயதோடு மாறும் என்பதால் உயர–நீள விகிதத்தையும் இப்படியே பாருங்கள்.

வரிகளில் கவனம் தேவை. மேன்டில் (ஓட்டைச் சுரக்கும் தோல்மடிப்பு) விளிம்பு சுரப்பதை நிறுத்தித் தொடங்கும்போதெல்லாம் வரி விழும். அது ஆண்டுக்கு ஒன்று என்பதற்கு உறுதி இல்லை. டிண்டாரியா காலிஸ்டிஃபார்மிஸ் என்ற ஆழ்கடல் மட்டியை ரேடியம்-228 என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு ஆய்ந்து 1975-இல் வெளியிட்ட முடிவில், 8.4 மி.மீ. ஓட்டுக்கு ஏறக்குறைய 100 ஆண்டு வந்தது. ஆனால் பிழை எல்லை மிகப் பெரியது. அதை உங்கள் இனத்துக்குப் பெருக்கிப் போடக் கூடாது.

பதில் (நுண்சீவல்):
குடலைச் சீவாமல் பார்க்க, முதலில் உடலை ஒளி ஊடுருவும்படி ஆக்குங்கள். ஓட்டைக் கத்தியால் நெம்பாதீர்கள், மெல்லிய விளிம்பு நொறுங்கும். மெல்லிய ஊசியை உள்ளே விட்டு இரண்டு மூடுதசைகளையும் அறுத்து, ஒரு ஓட்டை மட்டும் கழற்றி உலர வையுங்கள். மற்ற ஓட்டோடு உள்ள உடலை 10% ஈ.டி.டி.ஏ.வில் (கால்சியத்தைப் பிணைத்து இழுக்கும் வேதிப்பொருள்), pH 8 அளவில் வைத்தால் ஓடு மெதுவாகக் கரையும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமானதுதான். ஆனால் குமிழ்கள் எழும்பி மேன்டில் விளிம்பையும் வாயருகே உள்ள உதட்டு மடல்களையும் கிழிக்கும்.

பிறகு உடலைப் படிப்படியாகக் கிளிசரினுக்கு மாற்றுங்கள்: 25, 50, 75 சதவீதம், கடைசியில் தூயது. ஒரே தாவலில் போட்டால் உடல் சுருங்கும். குடலில் சேறு நிறைந்திருப்பதால் அது கறுப்புக் கோடாகத் தானே தெரியும், சாயம் தேவையில்லை. வலப்பக்கம் மேலே வைத்துப் பாருங்கள்: இந்தக் குழுவில் பின்குடலின் வளையம் பெரும்பாலும் வலப்பக்கமே இருக்கும். முதிர்ந்தவற்றில் இனப்பெருக்கச் சுரப்பி அதை மறைக்கும்; 2 மி.மீ. அளவுள்ள இளையவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆழம் கூடக் கூடப் பின்குடல் நீள்வது இக்குழுவில் பலமுறை பதிவான போக்கு. சத்துக் குறைந்த சேற்றை நீண்ட நேரம் உள்ளே வைத்திருக்க வேண்டியிருப்பதே காரணம் என்பார்கள். எனவே வளையத்தின் எண்ணிக்கையோடு நீளத்தையும் அளவிடுங்கள். சீவித்தான் ஆக வேண்டுமென்றால், குடலில் உள்ள மணல் துகள்கள் கத்தியைப் பதம் பார்க்கும், சீவலும் கிழியும்.

பதில் (சிப்பிப்பெட்டி):
ஓடு உதிர்வது ஃபார்மலினால். நடுநிலைப்படுத்தாவிட்டால் அதில் ஃபார்மிக் அமிலம் உருவாகி, ஓட்டின் சுண்ணாம்புக் கனிமமான அரகோனைட்டைத் தின்னும். போராக்ஸ் சேர்த்தாலும் நீண்ட நாள் விடாமல், கழுவி 80% எத்தனாலுக்கு மாற்றுங்கள். மரபணுவும் தேவையென்றால் சில மாதிரிகளை ஃபார்மலின் படாமல் நேரே 96% எத்தனாலில் போட வேண்டும்.

முதலில் அரிபடுவது அம்போ நுனிதான், அங்கேதான் லார்வா ஓடு இருக்கிறது. அதன் நீளத்தை அளக்க வெளுக்காத ஓடுகளையே எடுங்கள். சோடியம் ஹைபோகுளோரைட்டைப் பல மடங்கு நீர்த்து, சில நிமிடம் மட்டும் வைத்தால் ஒட்டிய திசு போகும். அதிக நேரம் விட்டால் தசைநாரும் கரைந்துவிடும். உலர்ந்த ஓடுகளை ஓக் மரப் பெட்டியில் வைக்காதீர்கள், மரத்தின் அசெட்டிக் ஆவியும் ஓட்டை அரிக்கும்.